ஐம்பத்தெட்டுப் பெருக்கல் குறிகள்

சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஒரு காரியம் செய்வாள். தட்டில் கை வைப்பதற்கு முன் முகவாயை மேஜை விளிம்புக்குச் சமமாக இறக்கி, ஒரு கண்ணை மூடி, தட்டின் ஓரத்தைப் பார்ப்பாள். ஒரு நொடிதான். அப்புறம் நிமிர்ந்து சாப்பிடத் தொடங்குவாள்.

கல்யாணமான புதிதில் கணவர் பயந்துபோனார். சாப்பாட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து அவரும் கூடவே குனிந்தார். இருபத்தேழு வருஷத்தில் அது அவருக்குப் பழகிவிட்டது. தட்டு மட்டுமில்லை. கதவுச் சட்டம், கட்டில் பலகை, இஸ்திரி போட்ட சட்டையின் காலர், எதையும் நேரே பார்த்ததோடு அவள் விட்டதில்லை. ஓரத்திலிருந்து ஒரு தடவை பார்த்தால்தான் அவளுக்குப் பார்த்த மாதிரி.

"அண்ணி பார்வையிட்டாச்சா? நாங்க கை வைக்கலாமா?" என்பாள் நாத்தனார். கணவரின் தங்கை, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், அவர்களோடேயே இருந்தாள். வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசுவது அவள்தான்.

பழக்கம் வந்தது சட்டைக் கம்பெனியில். ஏழாவதோடு படிப்பு நின்றுபோய், வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பதினெட்டு வயதில் சட்டை சரிபார்க்கும் மேஜைக்கு அனுப்பினார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாக் காலரும் நேராகத்தான் இருக்கும். கண்ணுக்கு நேரே பிடித்து விளிம்போடு பார்த்தால் தையல் எங்கே அலைகிறது என்று தெரிந்துவிடும். பதினைந்து வருஷம் அவள் விளிம்பையே பார்த்தாள். கம்பெனியை மூடியபோது அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பார்வை ஒன்றுதான்.

நாத்தனாருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வானத்தை ஆராயும் நிலையம் ஒன்று, புதிதாக வேலைக்கு எடுக்கும் ஆறு பேரைக் கண் பரிசோதனைக்கு அந்தக் கடைக்கு அனுப்பப்போவதாக ஒரு நாள் செய்தி கொண்டுவந்தாள்.

"படம் பாக்கிற வேலையாம் அண்ணி. படிப்பு வேண்டாமாம். நாள் முழுக்க உக்காந்து படத்தைப் பாத்து டிக் போடணும். பேசவே வேண்டாம். உனக்குன்னே தச்ச சட்டை மாதிரி இருக்கு."

"நட்சத்திரத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"காலரைப் பத்தி மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தே?"

போனாள்.

நிலையம் என்றதும் அவள் மனதில் இருந்தது குன்றின்மேல் ஒரு பெரிய கூண்டு. அங்கே அப்படி ஒன்றும் இல்லை. தொலைநோக்கி வேறெங்கோ தொலைவில் ஒரு மலையில் இருந்தது. இங்கே இருந்தது மூன்று மாடிக் கட்டடம், நீளமான நடைவழி, குளிர்ந்த ஓர் அறை, ஆறு மேஜை, ஆறு திரை. காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஐந்துக்கு வெளியே வந்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது, வானத்தைப் பார்க்கும் வேலைக்கு வந்த பிறகு ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை என்று.

நிலையத் தலைவர் நரைத்த தாடிக்காரர். முதல் நாள் ஆறு பேரையும் உட்காரவைத்துக் காபிக் கோப்பைத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

"கேலக்ஸின்னா கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த வட்டத்தட்டு. இப்படி மேலேருந்து பாத்தா சுருள் சுருளா கை தெரியும். சிலதுல நடுவுல நீளமா ஒரு பட்டை குறுக்கே ஓடும். அதுவும் நட்சத்திரங்கள்தான். மேலேருந்து பாத்தா சின்னக் குழந்தைகூடக் காட்டிடும்." தட்டைக் கண்ணுக்கு நேரே படுக்கவைத்தார். "ஆனா நிறைய கேலக்ஸி நமக்கு இந்த மாதிரி விளிம்பைத்தான் காட்டுது. அது நம்ம பக்கம் திரும்பப் போறதில்ல. நாம சுத்திப் போய்ப் பாக்கவும் முடியாது. இப்ப உள்ள பட்டை இருக்கா இல்லையா, எப்படிச் சொல்றது?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி இருக்கிறது என்றார் தலைவர். பட்டை நாளாக நாளாக மேலும் கீழும் புடைத்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து பார்க்கும்போது நடுப்பகுதி உருண்டையாக இல்லாமல், தோலோடு கிடக்கும் நிலக்கடலை மாதிரி இடுப்பு ஒடுங்கித் தெரியும். சிலவற்றில் அந்தக் கடலை உருவமும் தெளிவாக இருக்காது. அப்போது படத்தை மங்கலாக்கி, அந்த மங்கலை அசலிலிருந்து கழித்துவிட்டால், நடுவில் மெல்லிய பெருக்கல் குறி ஒன்று மிஞ்சும். கடலை தெரிந்தால் 'க', பெருக்கல் தெரிந்தால் 'பெ', ஒன்றும் இல்லையென்றால் கோடு. இதுதான் வேலை.

அன்று சாயங்காலம் எல்லாரும் எழுந்த பிறகு அவள் வாசலில் நின்று, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "சார், அந்தப் பட்டை நீளவாட்டுல நம்மளைப் பாத்து நின்னா?"

தலைவர் திரும்பினார். "அப்ப உருண்டையாத்தான் தெரியும். பட்டை இருந்தாலும் நமக்குத் தெரியாது."

"அப்ப கோடு போட்டா பொய்யாயிடுமே சார்."

மறுநாள் படிவத்தில் 'சொல்ல முடியாது' என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவள் அந்த அளவு நீளமாக எதுவும் பேசவில்லை.

ஆறு பேரில் நாலு பேர் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். கண் எரிகிறது, தலை வலிக்கிறது, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். மிஞ்சியது அவளும் தபால் அண்ணனும். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் கடிதம் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரு முகவரி இருப்பதாகவே நினைத்து வேலை செய்தார். "இது போய்ச் சேர வேண்டிய இடம் 'க' தங்கச்சி. சந்தேகமே இல்ல" என்பார்.

ஒரே படத்தை ஆறு மாதம் இடைவெளி விட்டு மறுபடி காட்டிப் பார்த்ததில், அவள் போட்ட குறி மாறவேயில்லை. அதனால் மற்றவர்கள் போட்டதை அவள் போட்டதோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். தலைவர் அவளை 'நம்ம அளவுகோல்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் சொன்னாள், அது தப்பாகப் போயிற்று. நாத்தனார் அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இந்தப் படங்களெல்லாம் யாருக்காக என்றால், ஓர் ஆய்வு மாணவிக்காக. முப்பதைத் தொடாத பெண். வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள், பேசும்போதே அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். ஆனால் இவள் மேஜைக்கு வந்தால் மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவாள். 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். படம் பார்ப்பவர்களின் கவனம் சிதறக்கூடாது என்று, கேலக்ஸியைச் சுற்றியிருக்கும் நட்சத்திரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் கறுப்புப் புள்ளி வைத்து அழிக்கச் சொன்னவள் அவள்தான். வானத்தில் சாய்ந்து கிடக்கும் ஒவ்வொரு கேலக்ஸியையும் திருப்பி, மட்டமாகப் படுக்கவைத்துக் கொடுக்கச் சொன்னதும் அவள்தான். 'அக்கா கழுத்து வலிக்காம பாக்கட்டும்' என்றாள். எத்தனை டிகிரி திருப்பினார்கள் என்பது படிவத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு கேலக்ஸியும் முடிந்த அன்று மாணவி ஓடிவந்தாள்.

"அக்கா, என்ன கிடைச்சிருக்கு தெரியுமா? பட்டை இருக்கிற கேலக்ஸியிலதான் நடுப்புள்ளி ரொம்பப் பளிச்சுனு எரியுது. பட்டைதான் வாயுவை உள்ள தள்ளி அந்த நடுவுக்குத் தீனி போடுதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்காங்க. ஓரத்துலேருந்து பாத்து யாரும் காட்டினதில்ல. இதான் என் பெரிய அத்தியாயம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "பட்டியல் அச்சாகும்போது உங்க பேரும் வருது. நன்றின்னு கடைசியில இல்ல. மேலே, எங்க பேரோட."

ஏழாவது படித்தவள் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வருகிறது. அன்று வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"எங்கண்ணி வாயத் தொறந்தாலே பேப்பர்ல போடலாம்னு சொல்லுவேன்" என்றாள் நாத்தனார். "வாயத் தொறக்காமலே போட்டுட்டாங்க!"

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையில் கிரீஸ் போகாமல் வந்து நின்றவர் கை கழுவப் போனார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, "உன் பேரை எப்படி எழுதுவாங்க? அப்பா பேரோடயா, என் பேரோடயா?" என்று கேட்டார். அவர் ராத்திரியெல்லாம் அதை யோசித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அச்சுக்கு அனுப்புமுன் பட்டியலில் எண் பிசகு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு முறை. ஒருவர் கம்ப்யூட்டரில் இருப்பதை உரக்கப் படிப்பார், இன்னொருவர் காகிதத்தில் டிக் போடுவார். தபால் அண்ணன் படித்தார். அவருக்கு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரல்.

"அறுநூத்திப் பன்னெண்டு. திருப்பினது நாப்பத்தி நாலு. பெருக்கல். அறுநூத்திப் பதிமூணு. திருப்பினது ஏழு. கோடு. அறுநூத்திப் பதினாலு. திருப்பினது முப்பத்தெட்டு. பெருக்கல்."

மூன்று நாள் இப்படிப் போயிற்று. இரண்டாம் நாள் மத்தியானம் அவள் பென்சில் நின்றது.

"என்ன தங்கச்சி, தப்பா?"

"இல்லண்ணே. படிங்க."

தப்பு என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாதது காதுக்குக் கேட்டது, அவ்வளவுதான். நாற்பது சில்லறை என்று அவர் சொன்னால், அடுத்தாற்போல் பெருக்கல் வரும் என்று அவள் மனம் முன்கூட்டியே காத்திருக்க ஆரம்பித்திருந்தது. பாட்டில் பழகிய அடி வருவதுபோல.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு காகிதத்தின் பின்பக்கம் ஆறு பத்தி போட்டாள். பதினைந்து டிகிரிவரை திருப்பியது, முப்பதுவரை, நாற்பத்தைந்துவரை, இப்படித் தொண்ணூறுவரை. ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு கோடு கிழித்தாள். முதல் பத்தியில் முப்பத்தொன்று. அடுத்ததில் இருபத்தெட்டு. மூன்றாவதில் அறுபத்தாறு. நாலாவதில் அறுபத்து மூன்று. பிறகு மறுபடி இருபத்தொன்பது, முப்பது. காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தட்டையாக, நடுவில் புடைத்துக்கொண்டு, அவள் தினமும் பார்க்கிற கேலக்ஸி மாதிரியே இருந்தது. சிரிப்பு வரவில்லை.

ஒரு கேலக்ஸி நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்து கிடக்கிறது என்பது நம் பாடு. அதன் வயிற்றுக்குள் பட்டை இருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பாதி சாய்ந்தவற்றில் மட்டும் இரண்டு மடங்கு எப்படி வரும்? அவை வானத்திலிருந்து வந்தவையல்ல. இங்கே, இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ வந்தவை.

கம்ப்யூட்டர் அறைக்காரர் சலிப்பான மனிதர். நட்சத்திரங்களை அழிக்காத, திருப்பாத அசல் படம் வேண்டும் என்று அவள் சொன்னதும் நாற்காலியைத் திருப்பினார்.

"எதுக்கும்மா? அழிச்சதே உங்களுக்காகத்தான். அழிச்சுக் கொடு, அழிக்காம கொடு. என்னை என்ன ரப்பர்னு நெனச்சீங்களா?"

"பன்னெண்டே பன்னெண்டு சார்."

எண்களை எழுதிக் கொடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே அச்செடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று முதல் படத்தைப் பார்த்தாள். கேலக்ஸி சாய்வாகக் கிடந்தது. சுற்றிலும் அவள் இதுவரை பார்க்காத நட்சத்திரங்கள். பெரிதாக இருந்த ஒவ்வொன்றிலிருந்தும் மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு முள் நீண்டிருந்தது. அச்சு அசல் கூட்டல் குறி.

"இது என்ன சார், எல்லாத்துலயும்?"

"அதுவா. தொலைநோக்கிக்குள்ள சின்னக் கண்ணாடி ஒண்ணு இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு தகடு. பளிச்சுனு எந்தப் புள்ளி இருந்தாலும் வெளிச்சம் அதுல பட்டு இப்படித்தான் முள்ளு முள்ளா நீளும். இது வானத்துல இல்லம்மா. நம்ம தகடு."

அவள் கேலக்ஸியின் நடுவைப் பார்த்தாள். பளிச்சென்ற புள்ளி. அதிலிருந்தும் மெல்லியதாக நாலு முள். மேலே, கீழே, இடம், வலம். படத்தைக் கையில் எடுத்து, கேலக்ஸி மட்டமாகும்வரை மெதுவாகத் திருப்பினாள். கூட்டல் குறி சரிந்து பெருக்கல் குறி ஆயிற்று.

அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அங்கே பெருக்கல் குறி இருந்தது. அதைப் போட்டது தகடு, திருப்பியது கம்ப்யூட்டர், பட்டை என்று எழுதியது அவள் கை. அறை வாசலைத் தாண்டி வந்த பிறகுதான் மற்றது புரிந்தது. நடுப்புள்ளி பளிச்சென்று எரியும் கேலக்ஸியில்தான் இந்த முள் வரும். பட்டை இருந்தால் நடு பளிச்சென்று எரிகிறது என்று அந்தப் பெண் சொன்னாளே, அந்தப் பெரிய அத்தியாயம், அது முழுக்க இந்த முள்ளின்மேல் நிற்கிறது.

மாணவி ஆய்வை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கணவர் ஷூவைக் கழற்றும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"எப்பவாவது தெரியவருமா?"

"பத்து வருஷம் கழிச்சு நல்ல தொலைநோக்கி வந்தா தெரியலாம்."

"அப்ப விட்டுடு. அந்த நட்சத்திரம் வந்து கேஸ் போடப் போகுதா? நீ சொன்னா முதல்ல போறது உன் பேரு. அப்புறம் உன் வேலை. அளவுகோலே கோணல்னா யாரு வச்சுக்குவாங்க?"

உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அண்ணே, நான் கீழ் வீட்டுலேருந்து மேல் வீடு வரைக்கும் சொல்லிட்டேன். என் மானத்தையும் கொஞ்சம் பாக்கச் சொல்லு."

அவள் இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சட்டைக் கம்பெனியில் ஒரு நாள் காய்ச்சலோடு வேலை பார்த்து முந்நூறு சட்டையைச் சரியாகப் பார்க்காமலே தள்ளிவிட்டாள். காலர் கோணல் என்று அத்தனையும் திரும்பி வந்தது. இஸ்திரிக்காரி துணியை இழுத்துத் தேய்த்ததால்தான் கோணலாயிற்று என்று அந்த அம்மாளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தையலே கோணல், பார்க்காமல் விட்டது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் அடுத்த மேஜையில நின்னு சட்டை மடிச்சுக்கிட்டிருந்தேன். அவங்க போகும்போது என்கிட்டதான் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிட்டு செருப்பு மாட்டினாங்க. மாட்டிட்டு, டப்பாவை வாங்கிக்கிட்டு, வரேம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கணவர் ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

"சரி, சொல்லிடு" என்றார்.

சொல்வது அவளால் ஆகாத காரியம். ராத்திரி படுத்துக்கொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் மறுநாள் எட்டு மணிக்கே போனாள். மாணவியின் மேஜையில் இருந்ததையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு படங்களையும் பரப்பினாள். முதலில் எல்லாக் கேலக்ஸியும் மட்டமாகப் படுத்திருக்கும்படி, காகிதங்களைக் கோணல் கோணலாக வைத்தாள். பன்னிரண்டு பெருக்கல் குறி. பட்டியலில் இருப்பது அப்படித்தான்.

மாணவி பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து நின்றாள். "என்ன அக்கா, கண்காட்சியா?"

அவள் முதல் காகிதத்தைப் பிடித்து, அசலில் இருந்தபடி நிமிர்த்தினாள். இரண்டாவதை நிமிர்த்தினாள். மூன்றாவது. நாலாவது. ஒவ்வொரு காகிதம் நேராகும்போதும் ஒரு கேலக்ஸி சாய்ந்தது. பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாகச் சாய்ந்தன. ஆனால் நடுவிலிருந்த குறிகள் அத்தனையும் நிமிர்ந்து, ஒரே மாதிரி, பக்கத்திலிருந்த நட்சத்திரங்களின் முள்ளுக்கு இணையாக, கூட்டல் குறியாக நின்றன.

மாணவியின் முகத்தில் ஈயாடவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு கடைசிக் காகிதத்தைத் தானே எடுத்து, மட்டமாகத் திருப்பி, மறுபடி நிமிர்த்தினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளா சொல்லாம இருந்தீங்களா?"

"ஆமா மேடம். தப்பு என்னோடது."

"நட்சத்திரத்தை அழிக்கச் சொன்னது யாரு? நான்." கையிலிருந்த காகிதத்தை வைத்தாள். "அது பக்கத்துலயே இருந்திருந்தா முதல் நாளே பாத்திருப்பீங்கள்ல? பாத்திருப்பீங்க." பையை இறக்காமலே வெளியே போய்விட்டாள். அன்று திரும்பி வரவில்லை.

தலைவர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவள் கோடு கிழித்த காகிதம் இருந்தது.

"பெருக்கல் மொத்தம் எத்தனை?"

"இருநூத்தி நாப்பத்தேழு சார்."

"அதுல எத்தனை நெஜம்?"

"தெரியாது சார். எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். அழிக்காம, திருப்பாம."

"யாரு பாப்பா?"

அவள் செருப்பைப் பார்த்தாள். வேறு ஆள் என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"நீங்கதான் பாக்கணும்" என்றார். "தபால் அண்ணனும் தனியாப் பாக்கட்டும். ஒருத்தர் போட்டதை ஒருத்தர் பாக்கக் கூடாது. அளவுகோல்னு இனிமே கூப்பிட மாட்டேன். அது உங்களுக்கு நான் செஞ்ச அநியாயம்."

நாலு மாதம் ஆயிற்று. மட்டமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சாய்ந்து கிடப்பதைப் பார்ப்பது கடினமாக இருந்தது. கழுத்து வலித்தது. முடிவில், இருவரும் ஒத்துச் சொன்னதில், ஐம்பத்தெட்டுப் பெருக்கல் குறிகள் தகடு போட்டவை. இன்னும் பதின்மூன்றைச் 'சொல்ல முடியாது' கட்டத்துக்கு மாற்றினார்கள். மற்றவை நின்றன. நிஜமான பெருக்கல் குறி கேலக்ஸியோடு சேர்ந்தே சாய்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய அத்தியாயம் நிற்கவில்லை. மறுபடி எண்ணிப் பார்த்தபோது, பட்டை உள்ளவற்றிலும் இல்லாதவற்றிலும் நடு ஒரே மாதிரிதான் எரிந்தது. மாணவி அதை எடுத்துவிட்டு, இருந்த மிச்சத்தை வைத்துப் புதிதாக எழுதினாள். ஒரு வருஷம் பிந்தியது. அந்த வருஷம் முழுக்க ஸ்டூல் சுவரோரமாகவே கிடந்தது. நடைவழியில் எதிரே வந்தால் தலையசைப்பாள், நிற்கமாட்டாள். பட்டியலில் என்ன போட வேண்டும், என்ன கூடாது என்பதையெல்லாம் தபால் அண்ணன் மூலமாகத்தான் கேட்டனுப்பினாள். அப்படி ஒரு தடவை இவளும் ஒன்றைச் சொல்லியனுப்பினாள். நீக்கிய ஐம்பத்தெட்டையும் சத்தமில்லாமல் எடுத்துவிடக் கூடாது. 'முதலில் குறிக்கப்பட்டது, பிறகு நீக்கப்பட்டது' என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத வேண்டும்.

"அது நமக்குத்தானே அசிங்கம் தங்கச்சி?" என்றார் தபால் அண்ணன்.

"இருக்கட்டும்ணே."

படிப்பு முடிந்து தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்கு வேலைக்குப் போகும் நாளன்று மாணவி அந்தக் குளிர்ந்த அறைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு ரொம்ப நல்லா இருந்திருக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒரு பத்து வருஷத்துக்கு" என்றாள்.

மாணவி செருப்பு வாரை இழுத்துவிடக் குனிந்தபோது, அவள் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பட்டியல் வெளிவந்து ஆறு வருஷம் ஆகிறது. பெயர்களில் ஐந்தாவதாக அவள் பெயர் இருக்கிறது, அப்பா பெயரோடு. கணவர் பெயர் இல்லை, அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கண்ணாடிக் கடையில் வைத்திருக்கிறாள். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் ஐந்தாவது வரியைப் படித்துக் காட்ட வேண்டும். தபால் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். மாணவியிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, தன் வகுப்பில் அந்தப் பன்னிரண்டு படங்களைக் காட்டுவதாக எழுதியிருந்தாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. அதே மேஜையில் உட்கார்ந்து, நட்சத்திரங்களை அழிக்காத, திருப்பாத படங்களைப் பார்க்கிறாள். நேற்றுவரை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு முடிந்திருக்கிறது. அதில் அறுநூற்று இரண்டுக்குப் பட்டை இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.